ஒரு பந்துக்கு 16 பைட் போதும், தெரியுமா?

ஒரு பந்தைக் கணினிக்குள் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்? மையம் எங்கே என்று சொல்ல மூன்று எண்கள், ஆரம் எவ்வளவு என்று சொல்ல ஓர் எண். எண்ணுக்கு 4 பைட் வீதம் மொத்தம் 16 பைட். அவ்வளவுதான்!

இதே பந்தை முக்கோணங்களால் கட்டிப் பாருங்கள். 20 முக்கோணம் கொண்ட ஐகோசஹெட்ரானில் தொடங்கி, ஒவ்வொரு முக்கோணத்தையும் நான்காக உடைத்துக்கொண்டே போனால் 80, 320, 1,280, 5,120 என்று ஏறி ஐந்தாவது சுற்றில் 20,480 முக்கோணம். அதை 3டி பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பாகச் சேமித்தால் 10,24,084 பைட். அதாவது 64,000 மடங்கு! அப்படியும் அது முழு உருண்டை ஆகவில்லை. கேமராவைப் பக்கத்தில் கொண்டு போனால் தட்டை முகங்கள் பல்லிளிக்கின்றன.

பிறகு ஏன் சினிமாக்காரர்களும் கேம் செய்பவர்களும் முக்கோணத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? கேட்க வேண்டிய கேள்விதான். முப்பரிமாண உருவங்களைக் காட்டுவதில் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே பல பத்தாண்டுகளாக ஓர் இழுபறி நடக்கிறது. முதல் வழிக்குப் பெயர் மெஷ்: புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளுக்கு இடையே முக்கோண முகங்கள். இரண்டாவது, இம்ப்ளிசிட் பரப்பு. இதில் உருவத்தை வரையவே மாட்டார்கள்! ஒரு சூத்திரம் மட்டும் இருக்கும். முப்பரிமாண வெளியில் எந்த இடத்தைக் காட்டினாலும் சூத்திரம் ஓர் எண்ணைச் சொல்லும். பிளஸ் வந்தால் நீங்கள் உருவத்துக்கு வெளியே, மைனஸ் வந்தால் உள்ளே, சரியாகப் பூஜ்யம் வந்தால் அதன் தோல் மேலேயே நிற்கிறீர்கள். அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உருவம்.

காரின் மேலேயே கோடு போட்டார்கள், தெரியுமா?

1972. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸின் முன்னோடி ஐவன் சதர்லேண்ட் அங்கே பாடம் நடத்துகிறார். மாணவர்களுக்கு ஒரு நிஜப் பொருளைக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். அகப்பட்டது சதர்லேண்டின் மனைவி மார்ஷாவின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்! அதன் மேலேயே புள்ளி வைத்து, கோடு இழுத்து, கையால் ஒவ்வொரு புள்ளியாக அளந்து எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அதே யூட்டாவில் ஆன்றி கூரோ என்ற பிரெஞ்சு மாணவர் தன் மனைவி சில்வியின் முகத்திலேயே கோடு போட்டுப் படம் எடுத்து மெஷ் ஆக்கியிருந்தார். அந்தக் காலத்து யூட்டா ஆய்வாளர்களின் மனைவிமாருக்குப் பொறுமை அதிகம்தான்.

கூரோ செய்த மாயம் இன்னும் நம் கண்ணை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு, நடுவில் மெல்லக் கலந்துவிட்டால் மடிப்புகள் மறைந்து முகம் வழவழப்பாகத் தெரியும். வியட்நாமைச் சேர்ந்த புய் துவோங் போங் 1973இல் இன்னும் ஒரு படி போய், வெளிச்சத்துக்குப் பதில் பரப்பு பார்க்கும் திசையையே கலந்தார். பளபளப்பும் சரியாக வந்தது. ஆனால் உருவம் மாறவில்லை! நடுப்பகுதி மட்டும்தான் வழவழப்பு. அடுத்த முறை பழைய கேம் ஒன்றில் கதாபாத்திரத்தின் தலை ஓரத்தை உற்றுப் பாருங்கள். கன்னம் மெழுகு போல இருக்கும், வெளிவிளிம்பு மட்டும் மூலை மூலையாக உடைந்து நிற்கும்.

முக்கோணத்தை எண்ணாமலே எண்ணலாம்!

ஓட்டை உடைசல் இல்லாத மூடிய மெஷ், பந்து மாதிரியோ முயல் மாதிரியோ எப்படி நெளிந்திருந்தாலும் சரி, அதன் முக்கோண எண்ணிக்கை எப்போதும் புள்ளிகளின் இரு மடங்கில் 4 குறைவு. 12 புள்ளி என்றால் 20 முக்கோணம். 1,000 புள்ளி என்றால் 1,996. ஒன்று கூடாது, ஒன்று குறையாது! 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட சூத்திரத்தின் பிள்ளை இது. அதே சமயம் நடுவில் துளையுள்ள மெதுவடைக்கு மெஷ் போட்டால் அந்த 4 காணாமல் போகும். முக்கோணம் சரியாக இரு மடங்கு. கணினிக்குக் கண் இல்லை, ஆனால் இரண்டு எண்களை ஒப்பிட்டே ‘இது வடை, இது போண்டா’ என்று சொல்லிவிடும்.

உலகப் புகழ்பெற்ற முயலுக்கு அடியில் ஓட்டை!

ஸ்டான்ஃபோர்டு பன்னி என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994இல் கிரெக் டர்க், மார்க் லெவாய் இருவரும் ஒரு சுட்ட மண் முயலை லேசர் ஸ்கேன் செய்து உருவாக்கிய மெஷ். 69,451 முக்கோணம். உலகெங்கும் கிராபிக்ஸ் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த முயல் ஓடாத இடம் இல்லை. ஆனால் அதன் அடிப்பாகத்தில் ஓட்டைகள் உண்டு. 1975இல் மார்ட்டின் நியூவெல் உருவாக்கிய யூட்டா தேநீர்க் கெண்டியும் அப்படித்தான்: முதலில் அதற்கு அடியே இல்லை! (அந்தக் கெண்டி மெஷ்ஷும் இல்லை, இம்ப்ளிசிட்டும் இல்லை, பெசியே வளைவுத் துண்டுகளால் ஆன மூன்றாவது வகை. நிஜக் கெண்டி இப்போது கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் இருக்கிறது.)

அடி தெரியாத கோணத்தில் படம் எடுத்தால் என்ன போச்சு என்கிறீர்களா? படத்துக்கு ஒன்றும் இல்லை. ஆனால் 3டி பிரிண்டருக்குக் கொடுத்தால் அது முதலில் கேட்கும் கேள்வி: ‘இந்த இடம் உள்ளேயா, வெளியேயா?’ பிளாஸ்டிக்கை எங்கே ஊற்றுவது என்று அதற்குத் தெரிய வேண்டுமே! ஓட்டை மெஷ்ஷிடம் பதில் கிடையாது. ஒரே ஒரு முக்கோணம் காணாமல் போனாலும் உள்ளும் வெளியும் ஒன்றாகிவிடும். இம்ப்ளிசிட் பரப்போ பிறந்ததிலிருந்தே அந்தக் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தேர்வு செய்யும் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எது அழகு, எது வேகம் என்று பார்ப்பது அப்புறம். உங்கள் உருவத்திடம் நாளைக்கு என்ன கேட்கப் போகிறீர்கள்? ‘உள்ளேயா வெளியேயா, எவ்வளவு தூரம், இதை இன்னொன்றோடு ஒட்டினால் என்ன ஆகும்’ என்று கேட்பீர்களானால் சூத்திரம். ‘கன்னத்தில் இருந்த அந்த மச்சம் சிரிக்கும்போது எங்கே போனது’ என்று கேட்பீர்களானால் மெஷ்.

வடை சுட இரண்டே வார்த்தை!

மெஷ் பந்திலிருந்து மெஷ் உருளையைக் குடைந்து எடுப்பது மென்பொருள் எழுதுபவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் வேலை. எந்த முக்கோணம் எதை வெட்டுகிறது, வெட்டிய இடத்தில் புதுப்புள்ளி எங்கே, இரண்டு முகங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தால் என்ன செய்வது... ஆயிரம் சிக்கல். சூத்திர உலகில்? இரண்டு உருவங்களைச் சேர்க்க வேண்டுமா, இரண்டு எண்களில் சிறியதை எடு. பொதுவான பகுதி மட்டும் வேண்டுமா, பெரியதை எடு. குடைய வேண்டுமா, குடையும் உருவத்தின் எண்ணுக்கு மைனஸ் போட்டு, பிறகு பெரியதை எடு. அமுக்கிய பந்து, நடுவில் ஓர் உருளை, ஒரு மைனஸ், ஒரு ‘பெரியது எது’. வடை ரெடி!

இன்னும் ஒரு கூத்து. கேட்கும் இடத்தின் எண்ணை 10ஆல் வகுத்து மீதியை மட்டும் சூத்திரத்துக்குக் கொடுத்தால், ஒரு வடை பிரபஞ்சம் முழுக்க 10 அலகுக்கு ஒன்றாக முளைத்துவிடும். எண்ணிக்கை? முடிவிலி. கூடுதல் நினைவகம்? ஒன்றுமே இல்லை!

சரி, வரையாத உருவத்தைத் திரையில் பார்ப்பது எப்படி? 1990களில் ஜான் ஹார்ட் சொன்ன ‘ஸ்ஃபியர் டிரேசிங்’ முறை அபாரமானது. சூத்திரம் வெறும் பிளஸ் மைனஸ் சொல்லாமல், ‘மிக அருகிலுள்ள பரப்பு இத்தனை தூரத்தில்’ என்று தூரத்தையே சொல்லட்டும். உங்கள் கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்படுகிறது. 10 மீட்டர் தள்ளி மையம், 1 மீட்டர் ஆரம் கொண்ட பந்து. சூத்திரம் 9 என்கிறது. 9 மீட்டருக்குள் எந்தத் திசையிலும் எதுவும் இல்லை என்று உறுதி; ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 9 மீட்டர் ஒரே தாவல்! மையத்தை நோக்கிய கதிர் முதல் தாவலிலேயே தொட்டுவிடும். சற்று விலகிப் போகும் கதிர், பந்துக்கு அருகே குட்டிக் குட்டித் தாவலாக நகர்ந்து, உரசாமல் கடந்தபின் மறுபடி பெரிய தாவலாக ஓடிப்போகும். திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் இப்படி ஒரு கதிர்.

இதைக் கொண்டு ஸ்பெயின் நாட்டு இனிகோ கீலெஸ் 2008இல் ஓர் உரையே நிகழ்த்தினார்: இரண்டே முக்கோணத்தில் முழு உலகங்களை வரைவது எப்படி என்று! தலைப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டோ என்னவோ. திரையை மூட ஒரு செவ்வகம் வேண்டும், அதற்கு இரண்டு முக்கோணம். மற்றதெல்லாம் அந்தச் செவ்வகத்துக்குள் ஓடும் சூத்திரம். நிரல் மொத்தமும் 4,096 பைட்டுக்குள். இந்தக் கட்டுரையின் முதல் சில பத்திகளே அதைவிட அதிக இடம் பிடிக்கும். அவர் பிறகு கூட்டாகத் தொடங்கிய ஷேடர்டாய் இணையதளத்தில் இன்று நீங்களும் உலாவியிலேயே எழுதிப் பார்க்கலாம்.

விரல்கள் ஒட்டிக்கொண்ட கதை

1980இல் கார்ல் சேகன் வழங்கிய ‘காஸ்மாஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு டி.என்.ஏ. மூலக்கூறு அசைய வேண்டும். நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் இருந்த ஜிம் பிளின் யோசித்தார்: அணு என்பது கோலிக்குண்டு இல்லையே, எலெக்ட்ரான் அடர்த்திதானே! ஒவ்வொரு அணுவும் தன்னைச் சுற்றி ஒரு செல்வாக்கைப் பரப்புகிறது. தூரம் போகப் போக அது குறைகிறது. எல்லா அணுக்களின் செல்வாக்கையும் கூட்டி, குறிப்பிட்ட அளவு எட்டிய இடமெல்லாம் பரப்பு. இரண்டு பந்துகள் நெருங்கினால் நடுவில் ஒரு கழுத்து முளைத்து, கழுத்து தடித்து, இரண்டும் ஒன்றாகும். இதை 1982இல் கட்டுரையாக வெளியிட்டார். அதே பத்தாண்டில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மெட்டாபால் என்றும், கனடாவின் கால்கரியில் ‘சாஃப்ட் ஆப்ஜெக்ட்’ என்றும் இதே எண்ணத்தின் உடன்பிறப்புகள் பிறந்தன.

ஆஹா, இனி மனிதர்களையும் இப்படியே செய்துவிடலாம் என்று கிளம்பினால் முதல் அடி கையில் விழுகிறது. சுட்டு விரலும் நடு விரலும் நெருங்கினால் போதும், இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்! விரல்கள் தொடலாம், சேரக்கூடாது என்று சூத்திரத்துக்கு யார் சொல்வது? தொடையோடு கை, கழுத்தோடு மோவாய் எல்லாவற்றிலும் இதே தொல்லை.

இரண்டாவது அடி இன்னும் பலமானது. இம்ப்ளிசிட் பரப்பில் எந்தப் புள்ளிக்கும் முகவரி கிடையாது. மெஷ் முகத்தில் 17,342ஆம் புள்ளி இடது கன்னம் என்றால், அந்த முகம் சிரித்தாலும் அழுதாலும் திரும்பினாலும் 17,342 இடது கன்னம்தான். அதில்தான் தோலின் படமான டெக்ஸ்சரை ஒட்டுகிறார்கள், அதில்தான் உருவத்தை அசைக்கும் ரிக் எலும்பைக் கட்டுகிறார்கள், சேலை மடிப்பின் கணக்கைப் போடுகிறார்கள். சூத்திரப் பரப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகப் பிறக்கிறது. நேற்றைய மச்சம் இன்று எங்கே என்று அதற்கு நினைவில்லை. நடிப்பு வேண்டுமென்றால் மெஷ். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் சி.டி. ஸ்கேனில் நீங்கள் இரண்டு பேர்!

சி.டி. ஸ்கேன் எடுத்தால் கிடைப்பது படம் என்று நினைக்கிறோம். கிடைப்பது எண்கள்! ஒவ்வொரு துண்டிலும் 512க்கு 512 எண்கள். 300 துண்டு என்றால் ஏறத்தாழ 7.9 கோடி. காற்றுக்கு மைனஸ் 1,000, தண்ணீருக்கு 0, எலும்புக்குப் பல நூறு. சி.டி.யைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் அமைந்த அளவு இது. பார்த்தீர்களா, எந்த இடத்தைக் கேட்டாலும் ஓர் எண்; இயற்கையே கொடுத்த இம்ப்ளிசிட் உருவம்! 300 என்ற இடத்தில் பரப்பைக் கேட்டால் எலும்புக்கூடு நிற்கும். அதே தரவில் மைனஸ் 500 என்று கேளுங்கள்: காற்றும் உடம்பும் சந்திக்கும் இடம், அதாவது தோல், மூக்கு, காது எல்லாம் எழுந்து வரும். மாறியது ஒரே ஓர் எண்.

ஆனால் கிராபிக்ஸ் கார்டு கேட்பது முக்கோணம். எண் கடலிலிருந்து முக்கோணம் எடுக்கும் வித்தையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் லோரென்சன், ஹார்வி கிளைன் இருவரும் 1987இல் வெளியிட்டார்கள். பெயர் மார்ச்சிங் கியூப்ஸ். கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்து எட்டு எண்கள் சேர்ந்து ஒரு குட்டிக் கனசதுரம். எலும்பின் எல்லை 300 என்று வைத்துக்கொண்டோம். ஒரு மூலையில் 450, எலும்பு. மற்ற ஏழு மூலைகளிலும் 250, எலும்பு இல்லை. அப்படியானால் 450க்கும் 250க்கும் நடுவே எங்கோ 300 கடந்து போகிறது. எங்கே? இறங்க வேண்டியது 200, அதில் 150 இறங்கினால் 300; ஆக, விளிம்பின் முக்கால் தூரத்தில். அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளிலும் இப்படி ஒரு புள்ளி. மூன்றையும் இணைத்தால் ஒரு முக்கோணம். அடுத்த கனசதுரத்துக்கு நகர்! எட்டு மூலை, ஒவ்வொன்றும் உள்ளே அல்லது வெளியே, ஆக மொத்தம் 256 நிலைமைகள்தான். திருப்பியும் உள்ளே வெளியே மாற்றியும் பார்த்தால் 15 வகைக்குள் அடங்கும். எல்லாவற்றுக்கும் விடை முன்கூட்டியே ஓர் அட்டவணையில் எழுதி வைத்தாயிற்று. கணினி பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதுதான்.

அந்த அட்டவணையில் ஒரு பூதம் ஒளிந்திருந்தது, தெரியுமா? கனசதுரத்தின் ஒரு முகத்தில் எதிரெதிர் மூலைகள் இரண்டு உள்ளே, மற்ற இரண்டும் வெளியே என்றால் இரண்டு விதமாக இணைக்கலாம். பக்கத்து வீட்டுக் கனசதுரம் வேறு விதமாக இணைத்தால்? ஓட்டை! 1988இலேயே ட்யூர்ஸ்ட் என்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். போதாததற்கு பேட்டன்ட் வேறு. அது 2005இல் முடியும் வரை பலர் கனசதுரத்தை நான்முகிகளாக உடைத்து ‘மார்ச்சிங் டெட்ராஹெட்ரா’ என்று சுற்றுவழியில் போனார்கள். கூர்மையான விளிம்புகளை மழுங்கடிக்கும் குணமும் மார்ச்சிங் கியூப்ஸுக்கு உண்டு. எந்திர உதிரிபாகத்தைச் சூத்திரத்தில் வடித்து மார்ச்சிங் கியூப்ஸில் எடுத்தால், தச்சர் இழைத்த மூலை தேய்ந்து போன மூலையாக வெளியே வரும். 2002இல் வந்த ‘டூயல் கான்டூரிங்’ போன்ற முறைகள் அந்தக் கூர்மையை மீட்டுக் கொடுத்தன. எலும்புக்கு மார்ச்சிங் கியூப்ஸ் தாராளம். நட்டு போல்ட்டுக்கு வேண்டாம்.

மைக்கலாஞ்சலோவின் டேவிட் 83 சென்டிமீட்டர் வளர்ந்தார்!

புத்தகங்களில் டேவிட் சிலையின் உயரம் 434 செ.மீ. என்றே இருந்தது. 1999இல் மார்க் லெவாய் குழு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போய் லேசரால் அளந்தது. 517 செ.மீ.! உலகமே பார்த்த சிலை, யாரும் சரியாக அளக்கவில்லை. 30 இரவுகள், 480 ஸ்கேன், 7,000 புகைப்படம், 200 கோடி பாலிகன், 32 ஜி.பி. தரவு.

சுவாரசியம் அளவில் இல்லை, ஒட்டிய விதத்தில். முயலை ஸ்கேன் செய்த காலத்தில் துண்டு மெஷ்களை நேரடியாக ஜிப் போட்டது போல் தைத்தார்கள். டேவிட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே கைகொடுத்தது 1996இலேயே பிரையன் கர்லெஸ்ஸும் லெவாயும் கண்ட வழி: ஒவ்வொரு ஸ்கேனும் வெளியின் ஒவ்வொரு புள்ளியிடமும் ‘என் கணக்கில் பரப்பு உனக்கு இத்தனை தூரம்’ என்று சொல்லும். எல்லா ஸ்கேன்களின் வாக்குகளையும் எடை போட்டுச் சராசரி எடு. ஒரு ஸ்கேனின் பிழையை இன்னொன்று ஈடுகட்டும். கடைசியில் பூஜ்யம் எங்கே என்று கேட்டு முக்கோணம் எடு. அதாவது மெஷ் துண்டுகள் உருகி இம்ப்ளிசிட் ஆகி, மறுபடி மெஷ்ஷாக உறைந்தன! 2011இல் கேம் விளையாடும் கினெக்ட் கேமராவைக் கையில் பிடித்து அறையைச் சுற்றி வந்தாலே அறை உருவாகும் கினெக்ட்ஃபியூஷன் வந்ததே, அதன் வயிற்றுக்குள் இருந்ததும் இதே சராசரிதான்.

பட்டாம்பூச்சி இறக்கையில் நாசா சூத்திரம்

1970இல் நாசாவின் ஆலன் ஷோன் ஒரு பரப்பை விவரித்தார்: ஜைராய்டு. மூன்று சைன்-கொசைன் பெருக்கல்களைக் கூட்டிப் பூஜ்யம் என்று எழுதினால் கிட்டத்தட்ட அதே உருவம் வந்துவிடும். ஒரு வரி! அந்த ஒரு வரி வெளியை இரண்டு சுரங்கப் பாதைகளாகப் பிரிக்கும்; இரண்டும் பின்னிப் பிணைந்து ஓடும், எங்குமே சந்திக்காது. அதில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது. ‘கிரீன் ஹேர்ஸ்ட்ரீக்’ என்ற பட்டாம்பூச்சியின் இறக்கைப் பச்சை சாயம் இல்லை, செதில்களுக்குள் இருக்கும் நுண்ணிய ஜைராய்டில் ஒளி படும் விளையாட்டு!

வீட்டு 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பெயர். பொருளுக்குள் நிரப்பும் இன்ஃபில் வகைகளில் ஜைராய்டும் ஒன்று. குரா, புரூசா ஸ்லைசர் ஆகிய பிரிண்டர் மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் அதே ஜைராய்டை ஒரு செயற்கை மூட்டின் உள்ளே நிரப்பி எஸ்.டி.எல். ஆக்கிப் பாருங்கள், ஒரு வரிச் சூத்திரம் பல லட்சம் முக்கோணமாகி மடிக்கணினி மூச்சுத் திணறும். எஸ்.டி.எல்.லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். பொதுவான புள்ளியைக்கூட ஒவ்வொரு முக்கோணமும் திரும்ப எழுதும். போதாக்குறைக்கு அந்தக் கோப்பில் அளவின் அலகே கிடையாது! 25 என்று இருந்தால் 25 மில்லிமீட்டரா, 25 அங்குலமா என்று கோப்பைத் திறப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். 1987இல் பிறந்த வடிவம் இன்றும் ஓடுகிறது என்பதே தனி அதிசயம்.

என்விடியாவின் முதல் சிப் முக்கோணத்தை நம்பவில்லை!

1995இல் என்விடியா வெளியிட்ட முதல் சிப் என்.வி.1. அது நம்பியது வளைவான நாற்கரப் பரப்புகளை. மறு ஆண்டு வந்த மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்3டி முக்கோணத்தின் பக்கம் சாய்ந்தது, என்.வி.1 படுத்துவிட்டது. அடுத்துச் சந்தைக்கு வந்த சிப்பிலிருந்து அவர்களும் முக்கோணத்துக்கு மாறினார்கள். அதன் பிறகு உலகின் கிராபிக்ஸ் கார்டுகள் எல்லாம் முக்கோணத்தை மெல்லும் எந்திரங்களாகவே வளர்ந்தன. 2020இல் அன்ரியல் என்ஜின் 5 காட்டிய முன்னோட்டத்தில் ஒரு சிலைக்கு மட்டும் 3.3 கோடி முக்கோணம். அப்படி ஏறத்தாழ 500 சிலைகள் ஓர் அறையில்! நானைட் என்ற தொழில்நுட்பம் அதில் கண்ணுக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கி ஃபிரேமுக்கு 2 கோடி அளவில் வரைந்தது.

மெஷ் ஜெயித்துவிட்டது என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அதே என்ஜினில் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் கணக்கிடும் லூமென், ரே டிரேசிங் வசதியுள்ள கார்டு இல்லாதபோது ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் ஒரு தூரச் சூத்திரத்தைத் தயாரித்து வைத்துக்கொண்டு, ஹார்ட் சொன்ன அதே தாவலில் கதிரை ஓட்டுகிறது. பார்ப்பது மெஷ்ஷில், வெளிச்சம் ஓடுவது இம்ப்ளிசிட்டில்! அதே 2020இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘டிரீம்ஸ்’ கேமை உருவாக்கிய மீடியா மாலிக்யூல் குழு, விளையாடுபவரே பிசைந்து செதுக்க வசதியாக எல்லாவற்றையும் தூரச் சூத்திரமாக வைத்தது. அதை முக்கோணமாக மாற்றி வரைய முயன்று, கைவிட்டு, கடைசியில் தூரிகைத் தீற்றல் போன்ற புள்ளித் துணுக்குகளாகக் காட்டியது.

எழுத்துக்கும் இதே வித்தை உண்டு: 2007இல் வால்வ் நிறுவனத்தின் கிறிஸ் கிரீன், ஓர் எழுத்தின் படத்துக்குப் பதில் விளிம்பு எவ்வளவு தூரம் என்ற எண்களைச் சிறு கட்டத்தில் சேமித்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு பிசிறவில்லை.

இதெல்லாம் படித்தால் போதாது, கை வைத்துப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இலவச பிளெண்டர் இருக்கிறது. ஷிஃப்ட்டோடு ‘ஏ’ அழுத்தி, மெட்டாபால் பட்டியலில் பந்து ஒன்றைச் சேருங்கள். இன்னொன்றையும் சேர்த்து ‘ஜி’ அழுத்தி மெல்ல நகர்த்துங்கள். நடுவில் கழுத்து முளைப்பதைப் பார்க்கலாம். ஒன்றை நெகட்டிவ் என்று குறித்தால் மற்றதைக் குடைந்து தின்னும். ரெசல்யூஷன் எண்ணைக் குறைக்கக் குறைக்க வழவழப்பு கூடும், கணினியின் விசிறிச் சத்தமும் கூடும். ஏனென்றால் நீங்கள் திரையில் பார்ப்பதும் முக்கோணம்தான். பின்னணியில் ஒவ்வோர் அசைவுக்கும் புதிதாக மெஷ் எடுத்துக்கொண்டே இருக்கிறது. திருப்தியானதும் மெஷ்ஷாக மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மெஷ்ஷானபின் அதை இன்னோர் உருவத்தின் மேல் எத்தனை முறை நகர்த்தினாலும் ஒன்றுக்குள் ஒன்று புகுமே தவிர, இனி ஒட்டாது.